புதுப்பிப்பு: லண்டன் தண்ணில பிட்டர், ஜிப்சம் போட்ட பிறகு

போன தடவை கேட்டிருந்தேன்ல, மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டிக் காயவச்ச பார்லி), ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு குடுக்குற பூ) எல்லாம் சரியா போட்டும் நான் காய்ச்சுற பிட்டர்ல (கசப்பான இங்கிலீஷ் பீர்) கசப்பு நறுக்குனு நிக்காம மழுங்கலா இருக்கே, ஏன்னு. நெறைய பேரு தண்ணியப் பாருன்னீங்க. பாத்தாச்சு, விஷயம் அதேதான். லண்டன் தண்ணில கார்பனேட் ஜாஸ்தி, அது கருக வறுத்த மால்ட் போடுற போர்ட்டர்ங்கிற கருநிற பீருக்குத்தான் தோது. பேல் ஏல்ங்கிற வெளிர்நிற பீருக்குப் பேர்போன, இங்கிலாந்துல இருக்குற பர்ட்டன் ஊர்த் தண்ணில சல்ஃபேட் கொட்டிக் கெடக்கும், கசப்பை எடுத்துக் காட்டுறதே அதுதான். அதனால இந்த முறை லாக்டிக் ஆசிட் கொஞ்சம் விட்டு காரத்தன்மையக் கொறச்சு, சல்ஃபேட்டுக்காக ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) சேத்து, மேஷ் (வெந்நில ஊறுற மால்ட்) 66 டிகிரில ஒரு மணி நேரம் வச்சு, ஈஸ்ட்டை 19 டிகிரில வேலை செய்ய விட்டேன். மத்ததெல்லாம் பழைய ரெசிபியேதான், ஹாப்ஸ் துளி கூட ஏத்தல.

குடிச்சுப் பாத்தா வேற பீர் மாதிரி இருக்கு! கசப்பு நாக்குல வழவழன்னு ஒட்டாம சுத்தமா முடியுது, மால்ட்டோட பிஸ்கட் வாசனையும் அமுங்கல. (ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுனு குடிக்காதீங்க ப்ளீஸ், 12 டிகிரி போதும், கேஸும் கம்மியாவே இருக்கட்டும்.) சல்ஃபேட்டை பர்ட்டன் அளவுக்கே ஏத்துங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அது ஓவராப் படுது, கந்தக வாடை எட்டிப் பாக்க ஆரம்பிச்சிடும். அடுத்து இதே குழாத்தண்ணில ஜிப்சம் எதுவும் போடாம போர்ட்டர் போடப் போறேன், பிரவுன் மால்ட் வாங்கியாச்சு.