மாணவன் கையிலிருந்து அரத்தை வாங்கலாமா, கூடாதா?

பழைய_ஃபிட்டர்:
எங்கள் பயிற்றுநர் குழுவில் நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார்: "நல்ல பயிற்றுநர் மாணவன் கையிலிருந்து கருவியை ஒருபோதும் வாங்க மாட்டார்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் டிரேடில் 26 வருடம் நின்றவன் நான், 13 பேட்ச். முதல் வாரம் பையன் ராவும்போது அரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். ட்ரை ஸ்கொயரை (மட்டமும் மூலையும் பார்க்கிற மூலைமட்டம்) வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு பக்கமும் இடைவெளி பளிச்சென்று தெரியும். "ஆடாமல் போடுடா" என்று நூறு தரம் சொன்னாலும் ஏறாது, தான் ஆடுவதே அவனுக்குத் தெரியாது. அரத்தை வாங்கி, அதே ஜாபில் (அவன் ராவுகிற இரும்புத் துண்டு), அதே வைஸில் (அதைக் கவ்விப் பிடிக்கிற பிடிப்பான்) பத்து ஸ்ட்ரோக் போட்டுக் காட்டினால் சத்தத்திலேயே வித்தியாசம் புரிந்துகொள்வான். இது தப்பா?

சிஎன்சி_தம்பி:
அந்தத் தம்பி நான்தான் சார். தப்புத்தான். நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் எங்கள் சார் "பத்து ஸ்ட்ரோக்" என்றுதான் அரத்தை வாங்குவார். பத்து ஐம்பதாகும், ஐம்பது முழு ஜாபாகும். பக்கத்தில் கை கட்டி நின்றேன். ஜாப் கண்ணாடி மாதிரி வரும், ரெக்கார்டில் மார்க் விழும். டிரேட் டெஸ்டில் தனியாக நின்றபோது ஒரு மூலை கூட 90 டிகிரி வரவில்லை. அவர் நல்லவர், அன்பாகத்தான் செய்தார். ஆனால் என் கை கற்க வேண்டியதை அவர் கை செய்துவிட்டது.

நாலு படி முறை பயிற்றுநர் பயிற்சியில் எல்லோரும் படித்ததுதானே? தயார்படுத்துவது, செய்துகாட்டுவது, செய்ய வைப்பது, சோதிப்பது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் தளங்களுக்கு அவசரமாக ஆள் தயார் செய்தபோது சார்லஸ் ஆலன் வகுத்தது. இரண்டாம் போரின்போது தொழிற்சாலை மேஸ்திரிகளுக்கும் இதைத்தான் சுருக்கிக் கொடுத்தார்கள். செய்துகாட்டுவது இரண்டாம் படியோடு முடிந்தது. பையன் கைக்கு அரம் போனபிறகு வாங்கக் கூடாது.

பழைய_ஃபிட்டர்:
அமெரிக்கக் கப்பல் வரைக்கும் போய்விட்டீர்கள், என் வைஸ் பக்கம் வரவில்லை. ஒரு யூனிட்டில் 20 பேர். நான் டேபிளில் செய்துகாட்டும்போது பின்வரிசைப் பையனுக்கு என் முதுகுதான் தெரியும். அவனுக்குச் செய்துகாட்டுவதே அவன் வைஸில்தான் நடக்கும். அதற்கு அரம் வாங்கித்தான் ஆக வேண்டும். பத்து ஸ்ட்ரோக். ஐம்பது போட்டது உங்கள் சாருடைய தப்பு, என் தலையில் கட்டாதீர்கள்.

வெல்டிங்_அக்கா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "வாங்குவது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வெல்டிங்கில் புதுப் பிள்ளைக்கு 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு கொடுத்தால் ஒன்று இரும்பில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் தூரத்தில் பிடித்துத் தெறிக்க விடும். நான் ராடைப் பிடிக்கிற ஹோல்டரை வாங்க மாட்டேன். இருவரும் ஷீல்டு போட்டுக்கொண்டு, அவள் கைமேல் என் கையை வைத்துக் கூடவே நகர்த்துவேன். ஆர்க் (ராடு நுனியில் எரிகிற மின்பொறி) சரியாக வந்தால் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். "இந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்" என்று சொல்லிக் கையை எடுத்துவிடுவேன். இது வாங்குவதில் சேருமா, சேராதா?

சிஎன்சி_தம்பி:
அக்கா, நீங்கள் சொல்வது என் கட்சி. ஹோல்டர் அவள் கையில்தான் இருக்கிறது. வாங்கவில்லை.

பழைய_ஃபிட்டர்:
அம்மா, நீங்கள் சொல்வது என் கட்சி. உங்கள் கை உள்ளே போய்விட்டதே! அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கோவை_பட்டறை:
அரத்தை வாங்கினார்களோ இல்லையோ, என் பட்டறைக்கு அப்ரண்டிஸாக வருகிற பையனுக்கு வெர்னியர் (நுண்ணளவு எடுக்கிற கருவி) பார்க்கத் தெரியவில்லை. மெயின் ஸ்கேலைப் படித்துவிட்டு, வெர்னியர் ஸ்கேலின் எந்தக் கோடு அதோடு நேராகச் சேர்கிறது என்று தேடாமல் கண்ணால் மதிப்புப் போடுகிறான். 0.02 மில்லிமீட்டர் காட்டுகிற கருவி அவன் கையில் ஸ்கேல் மாதிரி ஆகிவிடுகிறது. ரெண்டு வருடம் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? டிப்ளமோ பையன்கள் இதில் பரவாயில்லை.

பழைய_ஃபிட்டர்:
டிப்ளமோ பையனுக்கு அரம் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியுமா, கேட்டுப் பாருங்கள். முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், திரும்பும்போது அழுத்தக் கூடாது. இது என் பேட்ச் பையன் தூக்கத்தில் சொல்வான். எப்படி வந்தது? அவன் வைஸில் நான் போட்டுக் காட்டியதால் வந்தது. ஸ்ட்ரோக் தொடங்கும்போது அரத்தின் நுனியைப் பிடித்த கையில் அழுத்தம், நடுவில் இரண்டு கையிலும் சமம், முடியும்போது பிடியைப் பிடித்த கையில். இந்த மாற்றத்தை வாயால் சொல்ல முடியாது ஐயா. சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சிஎன்சி_தம்பி:
இப்போதுதான் வாயாலேயே சொல்லிவிட்டீர்களே சார், எனக்கு நன்றாகப் புரிந்தது. அரத்தை வாங்குவதற்கு முன் அவனை நிறுத்தி, "எந்தக் கையில் அழுத்தம் இருக்கிறது, நீயே சொல்" என்று கேட்டிருக்கிறீர்களா? ஸ்கொயரை அவன் கையில் கொடுத்து, "வெளிச்சம் எங்கே தெரிகிறது, ஏன்?" என்று கேட்டால் அவனே கண்டுபிடிப்பான். நான் இதைத்தான் செய்கிறேன். நேரம் ஆகும். ஆகட்டும்.

பழைய_ஃபிட்டர்:
எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?

சிஎன்சி_தம்பி:
மூன்று. அதனால் என்ன? தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் தொழில் 4.0 மையம் (ரோபோ, நவீன இயந்திரப் பயிற்சி மையம்) வந்துவிட்டது. அங்கே ரோபோவை வைத்துச் சொல்லித்தருகிறோம். எதுவாக இருந்தாலும் கன்ட்ரோல் பையன் கையில் இருக்க வேண்டும். நான் பிடுங்கி ஓட்டினால் எனக்குத்தான் பழகும்.

பழைய_ஃபிட்டர்:
மூன்று வருடம்! என் அரத்துக்கு அதைவிட வயது அதிகம். சிஐடிஎஸ் (பயிற்றுநர் பயிற்சிப் படிப்பு) முடித்தவர்தானா?

சிஎன்சி_தம்பி:
முடித்தேன், கிண்டியில். நீங்கள்?

பழைய_ஃபிட்டர்:
என் சர்டிஃபிகேட்டைக் கேட்க நீ யார் தம்பி? என்னிடம் படித்தவன் இன்று ஃபோர்மேனாக நிற்கிறான். அவனைக் கேள்.

மணிக்கணக்கு:
சர்டிஃபிகேட் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் கெஸ்ட் இன்ஸ்ட்ரக்டர். எடுக்கிற வகுப்புக்குத்தான் காசு, லீவு நாளில் கிடையாது. ஒவ்வொருவனையும் நிறுத்திக் கேள்வி கேட்க எனக்கும் ஆசைதான். சிலபஸ் ஜாப் முடியவில்லை என்றால் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். அதனால் பல நாள் அரத்தை வாங்கி நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன். சரி என்று சொல்லவில்லை. பெர்மனன்ட் ஆட்கள் இதைத் தத்துவமாகப் பேசும்போது எரிச்சல் வருகிறது.

கோவை_பட்டறை:
அதைத்தான் நான் கேட்கிறேன். நீங்கள் முடித்துக் கொடுத்த ஜாபுக்கு மார்க் வாங்கியவன்தான் என் வாசலில் வந்து நிற்கிறான்.

மணிக்கணக்கு:
உங்கள் வாசலில் அவனுக்கு எவ்வளவு ஸ்டைபண்ட் கொடுக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மெஷின் பக்கம் விடுகிறீர்களா, டீ வாங்க அனுப்புகிறீர்களா?

கோவை_பட்டறை:
தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

வெல்டிங்_அக்கா:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கைமேல் கை வைப்பது வாங்குவதா, இல்லையா? இதைத் தீர்க்காமல் எவ்வளவு பேசினாலும் அவரவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்போம்.

பழைய_ஃபிட்டர்:
அம்மா, ஹோல்டர் வேறு, அரம் வேறு. அரத்தில் இரண்டு கையும் வேண்டும், நிற்கிற கால் வேண்டும், வைஸ் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கைமேல் கை வைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம். அரத்தை வாங்கித்தான் காட்ட வேண்டும். பத்து ஸ்ட்ரோக். போட்டுவிட்டு, பல்லில் துகள் அடைக்காமல் இருக்கச் சாக்பீஸ் தேய்த்து, பிடி அவன் பக்கமாகத் திருப்பிக் கொடுப்பேன். 13 பேட்சுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

சிஎன்சி_தம்பி:
கொடுத்தீர்கள் சார். அதற்கு முன் வாங்கினீர்கள்.

பழைய_ஃபிட்டர்:
பத்தே பத்து ஸ்ட்ரோக்! கண் ஆபரேஷன் ஆனதால் ராத்திரி அதிகம் எழுத முடியவில்லை. காலையில் வருகிறேன், விடப்போவதில்லை.