டேபிள் ரோஸ் துண்டுகள் மண்ணை ஒட்டிக் கறுத்துச் சாய்கின்றன, என்ன தவறு?

மொட்டைமாடி (திருச்சி):
வணக்கம். டேபிள் ரோஸ் (பத்து மணிப் பூ) 15 துண்டு கூரியரில் வாங்கி நட்டு ஆறு நாள் ஆகிறது. ஒன்பது துண்டு மண் மட்டத்தில் கறுத்து, கொழகொழவென்று சாய்ந்துவிட்டன. மிச்சம் ஆறில் இரண்டு மொட்டுகூட விட்டிருக்கின்றன. ஆனால் லேசாக இழுத்தாலே வேர் இல்லாமல் கையோடு வருகின்றன.

கலவை: தேங்காய் நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் பாதி. 6 அங்குலத் தொட்டி. நட்டதும் நிறைய தண்ணீர் ஊற்றி, ரோஜாக் குச்சிக்குச் செய்வது போல பிளாஸ்டிக் கவரால் மூடி நிழலில் வைத்தேன். தினமும் காலையில் தண்ணீர்.

இந்த ஆறையாவது காப்பாற்ற முடியுமா? வேர் ஹார்மோன் பொடி வாங்கட்டுமா? இல்லை, விதை போட்டுவிடுவதுதான் நல்லதா?

செம்மண்:
முதல்ல கவரை எடுங்க. மத்தது அப்புறம்.

ரோஜாக் குச்சியை மூடி வைக்கிறது இலை வழியா ஈரம் போயிடக் கூடாதுன்னு. டேபிள் ரோஸுக்கு அந்தக் கவலையே இல்ல. தண்டு, இலை ரெண்டுலயும் தண்ணியைச் சேர்த்து வெச்சிருக்கிற செடி அது. வேர் வர்ற வரைக்கும் அந்த இருப்பே போதும். நீங்க மேல கவர், கீழ நார்க்கழிவு, போதாததுக்குத் தினமும் தண்ணின்னு வெச்சதுல வெட்டுவாய் காயவே இல்ல. அது வழியாத்தான் பூஞ்சை ஏறியிருக்கு.

ஆறையும் வெளிய எடுங்க. புது பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சுட்டு, கறுப்பு முடியற இடத்துக்கு மேல ஒரு செ.மீ. தள்ளி வெட்டுங்க. வெட்டின முகம் முழுக்க ஒரே நிறமா, ஈரப் பளபளப்போட இருக்கணும். நடுவுல பழுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சாலும் இன்னும் மேல வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்கணும், இல்லன்னா நோயை நாமளே அடுத்த துண்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். கடைசியில 4 செ.மீ. மிஞ்சினாலே பிழைச்சுக்கும்.

மொட்டு, பூ, காய் எது இருந்தாலும் கிள்ளிடுங்க. மொட்டு விட்டிருக்குன்னா வேர் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. தண்டுல இருந்த சேமிப்பு வேருக்குப் போகாம பூவுக்குச் செலவாகுதுன்னுதான் அர்த்தம். அடியில 2 செ.மீ. அளவுக்கு இலையை உருவிட்டு, நிழல்ல ஒரு பேப்பர் மேல நாலஞ்சு மணி நேரம் போட்டு வைங்க. வெட்டுவாய் தொட்டா ஒட்டாம காஞ்சிருக்கும்.

கலவை: செம்மண் 1 பங்கு, ஆத்து மணல் 2 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஆத்து மணல் கிடைக்கலன்னா எம்-சாண்ட் போடலாம், ஆனா பக்கெட்ல போட்டு மூணு தண்ணி அலசுங்க. அதுல இருக்கிற மாவு மாதிரி தூள் போகலன்னா தொட்டியில சிமென்ட் மாதிரி இறுகிக்கும். கலவையை ஈரமாக்கி கையில பிடிச்சுப் பாருங்க: உருண்டையா நின்னா மணல் பத்தல, விரலைத் திறந்ததும் உதிர்ந்தா சரி.

6 அங்குலத் தொட்டி ஒத்தைத் துண்டுக்குப் பெருசு, கலவை காயவே காயாது. தயிர் டப்பாவுல அடியில நாலஞ்சு ஓட்டை போட்டு, டப்பாவுக்கு மூணு துண்டு நடுங்க. குச்சியால குழி போட்டு 2 செ.மீ. ஆழத்துல வெச்சு, சுத்தி அழுத்திவிட்டா போதும். அன்னைக்குத் தண்ணி வேண்டாம், கலவையில இருக்கிற ஈரமே போதும். மறுநாள் சாயங்காலம் கொஞ்சம். அப்புறம் மேல் மண் ஒரு அங்குலம் காஞ்ச பிறகுதான்.

முதல் மூணு நாள் வெளிச்சமான நிழல், அப்புறம் காலை வெயில், பத்தாம் நாள்ல இருந்து முழு வெயில். ரெண்டு மூணு நாள் தண்டு துவண்டு கிடக்கும், பயந்துபோய் தண்ணி ஊத்தாதீங்க. இங்கதான் எல்லாரும் கெடுக்குறாங்க. ஏழாம் நாள் வாக்குல நுனி நிமிர்ந்து, நடுவுல ஊசி மாதிரி புது இலை எட்டிப் பார்க்கும். அப்ப இழுத்துப் பார்த்தா பிடிப்பு தெரியும்.

ஹார்மோன் பொடி தேவையே இல்ல. பிள்ளைங்க ஒடிச்சுப் போட்ட துண்டே தரையில வேர் விடுற செடி இது.

அடுக்குப்பூ:
செம்மண் அண்ணா சொன்னதோடு ஒரு விஷயம் மட்டும். நாலு மணி நேரம் காய வைப்பது சொந்தத் தொட்டியில் கிள்ளிய துண்டுக்கும், இப்போது நீங்கள் புதிதாக வெட்டும் துண்டுக்கும் சரி. ஆனால் அடுத்த முறை கூரியரில் வாங்கினால், அந்தத் துண்டு மூன்று நாள் பெட்டிக்குள் கிடந்து ஏற்கெனவே வாடியிருக்கும், வெட்டுவாயும் காய்ந்திருக்கும். அதை மறுபடி காயப் போட வேண்டாம். ஈரப் பேப்பரில் சுற்றி வந்திருந்தால் பிரித்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, அன்று மாலையே நட்டுவிடலாம். தண்ணீரில் மட்டும் ஊற வைக்காதீர்கள்.

டம்ளர் தண்ணீரில் வேர் விடும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்த வேர் வெள்ளையாக, நூல் போல இருக்கும், மண்ணுக்கு மாற்றும்போது பாதி ஒடிந்துவிடும். இந்தச் செடிக்கு அது வீண் வேலை.

துண்டு எடுக்கும்போதே நிறத்தை எழுதி வையுங்கள். பூ இல்லாதபோது எந்தத் துண்டு எந்த நிறம் என்று குழம்பிவிடும். ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை இரண்டு வாரத்து வெயிலில் வெளுத்துவிடும். கோடு போட்ட பூ வேண்டுமென்றால் அந்தப் பூ விட்ட கிளையிலிருந்தே கிள்ளுங்கள். அதே செடியின் பக்கத்துக் கிளை சில சமயம் ஒற்றை நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

விதைக்காரன்:
விதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் டேபிள் ரோஸ் என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. இலை ஊசி போல உருண்டையாக இருப்பது ஒன்று, பருப்புக்கீரை போலத் தட்டையாக இருப்பது இன்னொன்று. தட்டை இலைக் கலப்பு ரகங்களுக்கு விதையை நம்ப வேண்டாம், துண்டுதான் வழி.

ஊசி இலையில் ஒற்றை அடுக்குப் பூ விதை கட்டும். பூ வாடியதும் இதழ் சுருங்கிக் காயின் தலையில் குல்லாய் போல ஒட்டிக்கொண்டிருக்கும். காய் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறியதும் விரலால் தொட்டால், குட்டிப் பானையின் மூடி கழல்வது போல மேல் பாதி தனியாக வரும். உள்ளே ஈயப் பளபளப்பில் பொடி விதை. ஒருநாள் தாமதித்தால் கொட்டிப்போகும், அதனால் காகிதத்தைக் கீழே பிடித்துக்கொண்டு பறியுங்கள்.

விதைக்கும்போது மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். உலர்ந்த மணலோடு கலந்து தூவி, தெளிப்பானால் நனைத்தால் போதும். 7 முதல் 14 நாளில் முளைக்கும். ஆனால் தாய்ச்செடியின் அதே நிறம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறைய அடுக்குள்ள பூக்களில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும், அதனால் காய் பிடிப்பதும் குறைவு. பிடித்த நிறம் வேண்டுமென்றால் துண்டுதான்.

மொட்டைமாடி (திருச்சி):
நன்றி. வெட்டிப் பார்த்ததில் நாலு தேறியது, காயப் போட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: அழுகல் வேறு, காய்ந்து போவது வேறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மழைக்காலத்தில் என்ன செய்வது?

செம்மண்:
அழுகினா அடி கறுத்து, கண்ணாடி மாதிரி நீர் கோத்திருக்கும், அழுத்தினா தண்ணி வரும், மேல் பாதி மட்டும் பச்சையா ஏமாத்தும். காஞ்சா தண்டு முழுக்கச் சுருங்கிப் பழுப்பாகும், அழுத்தினா நொறுங்கும். ரெண்டாவது நம்ம ஊர்ல அபூர்வம்.

ஐப்பசி கார்த்திகையில புதுசா நட வேண்டாம். புரட்டாசி கடைசியிலயே நிறத்துக்கு ஒரு டப்பா வீதம் துண்டு போட்டு, வெயில் படுற சன்ஷேடுக்கு அடியில வெச்சிடுங்க. பெரிய தொட்டி மழையில போனாலும் நிறம் கையில இருக்கும். தையில அந்த டப்பாவுல இருந்து நுனி கிள்ளி மறுபடி பெருக்கலாம். அப்ப இலைக்கணுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி தெரிஞ்சா மாவுப்பூச்சி. வேப்ப எண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணியில கலந்து சாயங்காலம் அடிச்சுட்டு, பூச்சி போன பிறகுதான் துண்டு எடுக்கணும்.