கவின் வீடியோ எடிட்டிங் (நம்ம வீடு குழு)

கவின்: சித்தப்பா, பாட்டி பிறந்தநாள் வீடியோவை வெட்ட கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் போடப் பார்த்தேன். யூடியூபில் சொன்னபடி "சூடோ பேக்மேன் -எஸ் கேடன்லைவ்" என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது.

முரளி சித்தப்பா: உன் லேப்டாப்பில் இருப்பது மின்ட் என்ற லினக்ஸ் வகை. பேக்மேன் என்பது ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் மென்பொருள் போடும் கருவி. மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாவற்றிலும் அந்த வேலைக்கு ஆப்ட்தான். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கேடன்லைவ்" என்று போடு. அதற்கு முன் ஆப்ட் அப்டேட் ஒரு முறை.

கவின்: அப்டேட்டை நேற்றே போட்டேனே, எல்லாம் புதுசாகிவிட்டது.

முரளி சித்தப்பா: இல்லைடா. அப்டேட் என்றால் கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். மென்பொருள்களைப் புதுப்பிப்பது அப்கிரேட். ரொம்பப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நித்யா அக்கா: என் ஃபெடோரா லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பட்டியல் பழசாக இருந்தால் அதில் மென்பொருள் போடும் டிஎன்எஃப் தானே புதுப்பித்துக்கொள்ளும். எனக்கு அதில் பிடித்தது "டிஎன்எஃப் ஹிஸ்டரி". என்றைக்கு எதைப் போட்டோம் என்று வரிசையாகக் காட்டும். தப்பாகப் போட்டதை "அன்டூ" என்று சொல்லித் திருப்பிவிடலாம்.

கவின்: அப்போ ஆர்ச்சுக்கு மாறலாமா அக்கா? கிளாஸில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நித்யா அக்கா: பேக்மேன் வேகமானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆர்ச்சில் பாதி மட்டும் புதுப்பிக்கவே கூடாது. காலேஜில் புராஜெக்ட் டெமோவுக்கு முந்தின இரவு "-எஸ்ஒய்யு" என்று முழுதாகப் போடாமல் "-எஸ்ஒய்" என்று ஒரே ஒரு மென்பொருளைப் போட்டேன். அது புதுசு, அது இயங்க வேண்டிய லைப்ரரி, அதாவது துணைக் கோப்பு, பழசு. திறக்கவே இல்லை. விடிய விடிய உட்கார்ந்து சரி செய்தேன்.

முரளி சித்தப்பா: ஒன்று இயங்க இன்னொன்று வேண்டும் என்கிற சார்பு மென்பொருள் பிரச்சினைதான் இதெல்லாம். நான் ரெட் ஹாட் லினக்ஸ் பழகிய காலத்தில் ஆர்பிஎம் என்ற மென்பொருள் கோப்பை ஒவ்வொன்றாகத் தேடிப் போட வேண்டும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று கேட்கும், அதைக் கொண்டுவந்தால் மூன்றாவது. டெபியனில் 1999-இல் 2.1 பதிப்போடு ஆப்ட் வந்தது. வேண்டியதை எல்லாம் தானே தேடி எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

அம்மா: தம்பி, அவன் இன்னும் சாப்பிடவில்லை.

முரளி சித்தப்பா: அஞ்சு நிமிஷம் அண்ணி. கவின், நீ மின்ட்டிலேயே இரு. போடுவதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடு, அது சிஸ்டத்தின் இப்போதைய நிலையைச் சேமித்துவைக்கும். எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். உன் வீடியோக்களை மட்டும் தனியாகப் பென் டிரைவில் வை, டைம்ஷிஃப்ட் சாதாரணமாக அவற்றைச் சேர்க்காது.

கவின்: ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று. கேடன்லைவ் இறங்குகிறது. கூடவே என்னென்னவோ இறங்குகிறதே?

நித்யா அக்கா: அதெல்லாம் அதற்கு வேண்டிய லைப்ரரிகள். பயப்படாதே.

அம்மா: பாட்டி பாடுகிற இடத்தை வெட்டிவிடாதே. இப்போ வந்து சாப்பிடு.