5.3 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே!

*குழு: நம்ம வீடு*

ரகு மாமா (8:12): கார்த்தி, இருக்கியா? புது ஹெட்போன் டிவியோடு சேரமாட்டேன் என்கிறது. பெட்டியில் புளூடூத் 5.3 என்று போட்டிருக்கிறது. டிவி மெனுவிலும் புளூடூத் இருக்கிறது. அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டே இருக்கிறது.

சுமதி அத்தை (8:13): அரை மணி இல்லை, ஒன்றரை மணி.

பெரியப்பா (8:15): உன் டிவி பழசு ரகு. 4.2 ஆக இருக்கும். 5.3-ஓடு எப்படிச் சேரும்?

கார்த்தி (8:19): அது வெறும் பதிப்பு எண், அதனால் தடையே இல்லை பெரியப்பா. புதுசு பழசுக்கு இறங்கி வரும். என் பழைய போன் 4.2தான், 5.3 ஹெட்போனில் பாட்டு நன்றாகவே கேட்கிறது. மாமா, ஹெட்போனில் விளக்கு எப்படி எரிகிறது?

ரகு மாமா (8:20): நீலம். சிமிட்டாமல் எரிகிறது.

கார்த்தி (8:20): அப்படியானால் அது வேறு எதனோடோ ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.

சுமதி அத்தை (8:22): ஐயோ, என் போனில் ஹெட்போன் படம் தெரிகிறது. மதியம் பாட்டு கேட்டேன். அதனால்தான் இப்போது அக்கா போனில் பேசியது எதுவுமே காதில் விழவில்லையா!

திவ்யா (8:22): 😂😂

கார்த்தி (8:23): அத்தை, உங்கள் போனில் புளூடூத்தை அணைத்துவிடுங்க. மாமா, ஹெட்போனை ஆஃப் செய்து, பவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடியுங்க. விளக்கு சிமிட்டினால்தான் புது ஆட்களின் கண்ணுக்குத் தெரியும்.

ரகு மாமா (8:29): சிமிட்டுகிறது. ஆனால் டிவி பட்டியலில் ரிமோட் மட்டும்தான் வருகிறது.

கார்த்தி (8:30): ஒலி செட்டிங்ஸில் சத்தம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் என்னென்ன இருக்கிறது?

ரகு மாமா (8:32): டிவி ஸ்பீக்கர், ஆப்டிகல், எச்டிஎம்ஐ. அவ்வளவுதான்.

கார்த்தி (8:36): சரி, புரிந்துவிட்டது. உங்கள் டிவியில் புளூடூத் உண்டு, ஆனால் ரிமோட்டுக்கும் கீபோர்டுக்கும் மட்டும். புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'புரொஃபைல்' இருக்கிறது. பாட்டை ஸ்டீரியோவில் அனுப்ப ஏ2டிபி, போன் பேச எச்எஃப்பி, ரிமோட், மவுஸ் வகையறாவுக்கு எச்ஐடி. இரண்டு பக்கமும் அதே புரொஃபைல் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். உங்கள் டிவியில் ஏ2டிபி இல்லை. ஹெட்போன் மேல் தப்பே இல்லை.

ரகு மாமா (8:37): அப்போ 5.3 என்று எதற்குப் பெரிதாகப் போடுகிறான்?

கார்த்தி (8:39): விற்கத்தான். 2020-இல் எல்இ ஆடியோ என்று புளூடூத்தில் சத்தம் அனுப்பும் புது முறையை அறிவித்தார்கள், எல்சி3 என்ற கோடெக்கோடு. கோடெக் என்றால் சத்தத்தைச் சுருக்கி விரிக்கும் முறை. 5.3 என்று எழுதியிருப்பதாலேயே அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

திவ்யா (8:41): அண்ணா, சந்தடி சாக்கில் என் சந்தேகமும். லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கும். மீட்டிங் தொடங்கிய உடனே எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி ஆகிவிடுகிறதே?

கார்த்தி (8:44): அதுவும் இதே கதை. ஏ2டிபி ஒருவழிப் பாதை. ஹெட்போன் மைக் வேண்டும் என்றதும் லேப்டாப் எச்எஃப்பிக்குத் தாவுகிறது. அதில் ஸ்டீரியோ போய்விடும், ஒலித் தரமும் இறங்கிவிடும். மைக்காக லேப்டாப்பில் உள்ளதையே தேர்ந்தெடு, ஹெட்போனைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்.

பெரியப்பா (8:47): பேரனிடம் கேம் விளையாடும் ஹெட்செட் ஒன்று இருக்கிறது, யுஎஸ்பியில் குட்டி டாங்கிள் செருகுவது. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. புளூடூத்தும் அதே அலைவரிசை என்கிறார்களே, அதை மாட்டினால் என்ன?

கார்த்தி (8:50): ஒரே தெருவில் நடந்தால் ஒரே பாஷை பேசுவார்களா பெரியப்பா? வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் இருக்கின்றன. அந்த ஹெட்செட் தன் டாங்கிளோடு மட்டும்தான் பேசும். புளூடூத்தும் தனியாக இருந்தால்தான் போனோடு சேரும்.

மாமா, உங்களுக்கு வேண்டியது ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டர், டிவி சத்தத்தை வாங்கி ஹெட்போனுக்கு அனுப்பும் குட்டிப் பெட்டி. ஆப்டிகல், அதாவது ஒளியில் சத்தம் அனுப்பும் கேபிள் மாட்டும் வசதி, உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. ஹெட்போன் ஜாக்கில் மாட்டினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அத்தைக்குக் கேட்காது.

*மறுநாள்*

ரகு மாமா (7:40): வாங்கி மாட்டிவிட்டேன். சத்தம் வரவில்லை.

கார்த்தி (7:42): பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ். எதில் இருக்கிறது?

ரகு மாமா (7:43): ஆர்எக்ஸ்.

கார்த்தி (7:43): அது சத்தத்தை வாங்குவதற்கு. டிஎக்ஸ் பக்கம் தள்ளுங்க. டிவி மெனுவில் ஆப்டிகலையும், பிசிஎம் என்ற சுருக்காத ஒலி முறையையும் தேர்ந்தெடுங்க. டால்பி என்ற சுருக்கிய ஒலியில் விட்டால் பல டிரான்ஸ்மிட்டர்களுக்குப் புரியாது.

ரகு மாமா (7:51): வந்துவிட்டது!! ஆனால் உதடு முன்னே போகிறது, பேச்சு பின்னே வருகிறது.

கார்த்தி (7:54): அதை முழுதாகப் போக்க முடியாது மாமா. சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு நேரம் பிடிக்கும். எஸ்பிசி என்ற பொதுவான கோடெக்கில் கால் நொடி வரைகூடத் தாமதிக்கலாம். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி போன்றவை சீக்கிரம் அனுப்பும், ஆனால் உங்கள் ஹெட்போனில் அது இருக்கிறதா என்று பெட்டியைப் பாருங்க. இல்லாவிட்டால் டிரான்ஸ்மிட்டரில் இருந்தும் பயனில்லை. செய்தி பார்க்க இது போதும்.

ரகு மாமா (7:55): பெட்டியில் எஸ்பிசி, ஏஏசி மட்டும். போகட்டும், செய்திதானே.

ரகு மாமா (8:03): கார்த்தி, திடீரென்று செய்தி நின்றுவிட்டது. ஏதோ பாட்டு ஓடுகிறது.

சுமதி அத்தை (8:04): நான்தான். என் போனில் புளூடூத்தைத் திரும்பப் போட்டேன். கழற்றி இந்தப் பக்கம் கொடுங்க.