புதுப்பிப்பு: பகல் விளக்குள்ள காரில் புது ஹெட்லைட், மினுக்கம் நின்றது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய எல்ஈடி ஹெட்லைட்டைப் பூட்டியதிலிருந்து, பகலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தாலே ஹை பீம் மினுங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

என் காரில் பகல் விளக்குக்கு (பகலில் தானாக எரியும் முன்விளக்கு) தனிப் பல்பு இல்லை. கார், ஹை பீம் பல்புக்கே மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து மங்கலாக எரிய வைக்கிறது. ஹாலஜன் பல்பின் இழை அந்த இடைவெளியில் ஆறுவதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரியாது. எல்ஈடியோ ஒவ்வொரு துடிப்புக்கும் அணைந்து எரிகிறது.

நீங்கள் சொன்னபடி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டோம். அதுவும் அதே துடிப்பில் படபடவென்று அடித்தது. அப்புறம் வெள்ளவத்தையில் எங்கள் எலெக்ட்ரிஷியன் அண்ணா பகல் விளக்கின் ஃபியூஸைக் கழற்றிவிட்டார். புது ஹெட்லைட்டிலேயே பகல் விளக்காக எரியும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது அல்லவா, அதற்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து வயர் எடுத்தார். இரவில் பட்டை மங்குவதற்கு பார்க் லைட்டிலிருந்து இன்னொரு வயர். அவ்வளவுதான், இப்போது துளி மினுக்கமும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்பக்கம்தான் மேலேற வேண்டும். அமெரிக்காவுக்குச் செய்தது வலப்பக்கம் ஏறும். ஹைலெவல் வீதியில் எதிரே வரும் முச்சக்கர வண்டிக்காரரின் கண்ணில் நேரே அடிக்கும். என்னுடையதன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகியிருக்கிறேன்.