கம்பேரட்டருக்கு 100 மில்லிவோல்ட் ரெஃபரன்ஸ் எப்படி எடுப்பது?

கேள்வி:
இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் கம்பேரட்டர் ஐசியான எல்எம்393-இல் சிக்னல் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அவுட்புட் மாற வேண்டும். 5 வோல்ட் சப்ளையை இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தேன், ஆனால் ரிலே இழுக்கும்போதெல்லாம் சப்ளை 4.7-க்கு இறங்குகிறது, கூடவே ரெஃபரன்ஸும் 94-க்கு வந்துவிடுகிறது. இவ்வளவு சின்ன வோல்டேஜுக்கு ஜீனர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் டயோடு) உண்டா?

பதில் 1:
கிடையாது. டிஎல்431 என்ற வோல்டேஜ் ரெஃபரன்ஸ் ஐசி வாங்குங்கள். அதன் ரெஃபரன்ஸ் காலையும் கேத்தோடையும் சேர்த்துவிட்டு, சப்ளையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஊட்டினால் 2.5 வோல்ட் ஆடாமல் நிற்கும். குறைந்தது 1 மில்லிஆம்பியர் வேண்டும், சப்ளை 4.7-க்கு இறங்கினாலும் இதில் 2-க்கு மேல் கிடைக்கும். அப்புறம் அந்த 2.5-ஐ 24 கிலோ ஓம், 1 கிலோ ஓம் போட்டுப் பிரித்தால் 100 வந்துவிடும்.

பதில் 2:
0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, 2.5-ஐப் பிரிக்கும் ஜோடியில் உள்ள 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே வையுங்கள், டிஎல்431-க்கு நேராக வேண்டாம், ஆசிலேட் ஆகக்கூடும். இன்னொன்று, எல்எம்393-இன் ஆஃப்செட்டே (ஒப்பிடும்போது ஐசியே செய்யும் பிழை) 5 மில்லிவோல்ட் வரை போகலாம், ரெஃபரன்ஸை எவ்வளவு துல்லியமாக்கினாலும் அந்தப் பிழை போகாது. சிக்னலை முதலில் பத்து மடங்கு பெருக்கி 1 வோல்ட்டுடன் ஒப்பிடுவதுதான் நல்லது, நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன். ரிலே இழுத்தாலும் மீட்டர் 99.8-லேயே நிற்கிறது, ரொம்ப நன்றி! அடுத்து ஆம்ப்ளிஃபையர்தான்.