பைபாஸ் வால்வு இருந்தால் கூலண்ட் ஃபில்டரை மாற்ற வேண்டாமா?

தறிக்கூடம்78: ஸ்குரூ கம்பிரசரில் (திருகு வடிவ ரோட்டர்களால் காற்றை அழுத்தும் இயந்திரம்) கூலண்ட் ஃபில்டரை 2,000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் என்றும், அடைத்துக்கொண்டால் ஃபில்டரைத் தவிர்த்து எண்ணெயை நேரே விடும் பைபாஸ் வால்வு பார்த்துக்கொள்ளும் என்றும் நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பைபாஸ் திறந்தால் பேரிங்குக்குப் போவது வடிகட்டாத எண்ணெய்.

காற்றுக்காரன்: எழுதியவன் நான்தான். வால்வு திறப்பதால் பேரிங் வறண்டுபோவதில்லை. அதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். என் இயந்திரத்தில் ஒரே ஃபில்டரை 3,500 மணி நேரம் ஓட்டினேன், ஏர்எண்டில் (ரோட்டர்கள் சுழலும் பகுதியில்) ஒரு சத்தமும் இல்லை.

புதியவன்_கோவை: கூலண்ட் என்று நீங்கள் சொல்வது எண்ணெயையா, கூலருக்குப் போகும் தண்ணீரையா?

தறிக்கூடம்78: கூலண்ட் என்றது எண்ணெயைத்தான், புதியவரே. காற்றுக்காரரே, சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும், ஐயா. பல்லடத்தில் எங்கள் ஏர்ஜெட் தறிகளுக்குக் காற்றுத் தரும் இயந்திரத்தின் ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, மடிப்புகளை வெள்ளைத் துணிமேல் விரித்துப் பார்த்தேன். தார்போன்ற கசடுக்கு நடுவே பித்தளைத் துகள்கள் மின்னின. பைபாஸ் திறந்திருந்தால் அத்தனையும் மறுபடி பேரிங்குக்குள்தான் போயிருக்கும். ரோட்டர்களின் சூட்டைத் தணிப்பதும், இடைவெளியை அடைப்பதும், பேரிங்குக்கு மசகாவதும் அந்த ஒரே எண்ணெய்தான் என்பதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

காற்றுக்காரன்: துகள் வந்தது உங்கள் பேரிங் தேய்ந்ததால், ஃபில்டரால் அல்ல. வால்வு திறந்தாலும் எண்ணெய் போகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

செப்பரேட்டர்_அண்ணன்: துணியில் எண்ணெய்க் கறை படிவதற்கும் இந்த ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை. காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது செப்பரேட்டர்.

தறிக்கூடம்78: கறையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. இருந்தாலும் கேளுங்கள்: கசடு ஏறிய எண்ணெய் செப்பரேட்டரையும் சீக்கிரம் அடைக்கும், அழுத்த இழப்பு கூடும், மின்கட்டணம் ஏறும். காற்றுக்காரரே, குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது சற்று நேரம் திறந்து மூடத்தான் அந்த வால்வு, ஆயிரம் மணி திறந்தே கிடப்பதற்கு அல்ல. வடிகட்டாத எண்ணெய் போகிறதா, இல்லையா?

காற்றுக்காரன்: எண்ணெய் போகிறதா, இல்லையா? 16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஃபில்டரை அறுத்துப் பார்த்தவரிடம் நான் பாடம் படிக்க வேண்டியதில்லை.

தறிக்கூடம்78: உங்களுடைய 3,500 மணி ஃபில்டரையும் அறுத்துப் படம் போடுங்கள், பேசுவோம்.